இரண்டாவது பிரேக்

அத்தியாயம் 9

ஒன்பது நாளாக அந்த வீட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மாஸ்டர் நின்றபடியே விழுங்கினார். அம்மா அடுப்படியில் கிண்டிக்கொண்டே ரெண்டு வாய் போட்டுக்கொண்டாள். பெரியவள் தட்டை எடுப்பாள், பிசைவாள், அப்படியே மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த வட்டாரத்தில் ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். அவரிடம் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டிலும், சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்தில் இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் பக்கத்து சீட்டிலிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம். இப்போது ஒரு கார்தான் மிச்சம். இன்னொன்று மூஞ்சி நசுங்கி போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடக்கிறது.

கதையை விட்ட இடத்திலிருந்து பிடிக்க இவ்வளவு போதும்: போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, விடிந்தும் விடியாததுமாக, மாஸ்டரின் மகன் சின்னவன் அந்தக் காரை பைபாஸில் ரேஸுக்கு எடுத்துப் போனான். பக்கத்து சீட்டில் அவன் அக்கா. சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஹோட்டல் சமையல்காரரை இடித்துத் தள்ளிவிட்டு, நடுச்சுவரில் மோதித்தான் வண்டி நின்றது. சின்னவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவளுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். சமையல்காரரின் இடது கால் இன்னும் டாக்டர்கள் கையில் இருக்கிறது.

"அக்கா வேண்டாம் வேண்டாம்னு கத்தினா. நான்தான் காதுல வாங்கல" என்று சின்னவன் கட்டிலில் படுத்தபடியே போலீஸிடம் சொல்லிவிட்டான். எல்லோரும் நம்பினார்கள். அம்மா நம்பினாள். மாஸ்டர் நம்பினார், அன்றிலிருந்து மகன் முகத்திலேயே முழிக்கவில்லை.

நம்பாதவள் ஒருத்திதான். கத்தியதாகச் சொல்லப்பட்ட பெரியவள்.

இன்று நாலு மணிக்கு அவள் ஸ்டேஷனுக்குப் போய், அதையே சாட்சியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"இந்தா, படிச்சுப் பாரு" என்று மாஸ்டர் ஒரு தாளை நீட்டினார். பழகுநர் உரிம விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். "'பலமுறை தடுத்தும் கேளாமல்'னு போட்டிருக்கேன். சரியா இருக்கா?"

"எத்தனை முறைன்னு கேட்டாங்கன்னா?"

"அஞ்சாறு முறைன்னு சொல்லு. நின்னு எண்ணிக்கிட்டா இருப்பே?"

அவள் தாளை வாங்கினாள். எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. மேசைக்கு அடியில் அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக இதே வேலைதான். நாற்காலியோ கட்டிலோ பஸ்ஸோ, உட்கார்ந்த இடத்திலெல்லாம் அந்தக் கால் எதையோ மிதிக்கிறது.

போன் அடித்தது. லைசென்ஸ் தேர்வில் நாலு தடவை கோட்டைவிட்ட பல் டாக்டரம்மா. ஸ்பீக்கரில் போட்டார் மாஸ்டர்.

"மாஸ்டர், நாளைக்கு கிளாஸ் உண்டா? எனக்கு ஒண்ணும் பயமில்ல. சொல்லிக்கொடுக்க உங்க பொண்ணுதானே வருவாங்க?"

"ஆமாங்க, பொண்ணுதான்."

"பையன் வரமாட்டார்ல?"

"வரமாட்டான்" என்று போனை வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது. அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு தேய்ந்துகொண்டே வருகிறது. அடுத்த வருஷத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிற சீட்டில் உட்காரவே கூடாது என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்கூலை இனி இழுத்துப் பிடிக்க வேண்டியவள் பெரியவள். அவளுடைய லைசென்ஸுக்கு ஏதாவது ஆனால் வாசல் போர்டைக் கழற்றி வைக்க வேண்டியதுதான். இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அம்மா பிளாஸ்க்கோடு வந்து நின்றாள். "இன்னிக்காவது ஒரு எட்டு வந்து அவனைப் பாத்துட்டுப் போங்களேன்."

"எனக்குப் பிள்ளை ஒண்ணுதான்" என்றார் மாஸ்டர், பெரியவளைப் பார்த்தபடி.

அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

நடந்தது இதுதான். குடும்பத்தோடு வெளியூர் போகும்போது சின்னவன் ஓட்டுவான், மாஸ்டர் பக்கத்தில் உட்காருவார். உட்கார்ந்தால் சும்மா இருப்பாரா? முப்பது வருஷப் பழக்கம், எதிரே ஒரு ஆடு வந்தாலும் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவார். வண்டி குலுங்கிக் குலுங்கி, பின்சீட்டில் அம்மா வாந்தி எடுப்பாள். சண்டை போட்டுப் பார்த்தாள், மனுஷர் திருந்தவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் இணைக்கிற கம்பியைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுவது. ரெண்டு நட்டு, அஞ்சு நிமிஷம். ஊர் திரும்பியதும் முகம் கழுவுவதற்கு முன்னால் மாட்டிவிடுவார். ஒரு தடவைகூட மறந்ததில்லை.

கூடவே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் பெரியவள். அந்த ரேஸுக்கு முந்தின சாயங்காலம், யாரும் பார்க்காத நேரத்தில், அவளே அந்தக் கம்பியைக் கழற்றினாள்.

அதற்கு முந்தின வாரமும் ரேஸ் நடந்தது. வளைவில் அவள் கால் தானாக மிதித்துவிட்டது, தோற்றுப்போனார்கள். ஜெயித்த கும்பல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "எல் போர்டு, எல் போர்டு" என்று கத்திக்கொண்டே போனது. அந்தக் கேலி ஒரு வாரம் அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது. தன் காலை நம்ப முடியாது என்றுதான் கம்பியைக் கழற்றினாள்.

சைக்கிளை முதலில் பார்த்தவளும் அவள்தான். மிதித்தாள், இருந்த பலம் அத்தனையும் சேர்த்து. பெடல் வெறுமனே போய்த் தரையில் ஒட்டியது.

ஆஸ்பத்திரியில் சின்னவனின் அறை வாசலில் ஒரு போலீஸ்காரர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா மருந்துச் சீட்டோடு கீழே போனாள். அக்காவும் தம்பியும் தனியாக மாட்டிக்கொண்டார்கள்.

"மாஸ்டர் என்ன எழுதிக் கொடுத்திருக்காரு?" என்று கேட்டான். தோளிலிருந்து இடுப்புவரை கட்டு.

"பலமுறை தடுத்தும் கேளாமல்."

"கேளாமலா? பலமா இருக்கே" என்று சிரிக்கப் போய், வலித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"என்னால முடியாதுடா."

"என்ன முடியாது? அவங்க படிப்பாங்க, நீ தலையாட்டணும். பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிட்டு வா."

"நான் ஒரு தடவைகூட வேண்டாம்னு சொல்லலடா. 'இன்னும் மிதி, இன்னும் மிதி'ன்னு கத்தினேன். உனக்கு ஞாபகம் இல்லையா?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அடி பலம்."

"அடி தோள்லடா."

"அங்கேர்ந்து மேல ஏறிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். "நாளைக்குக் காலையில ஆய்வாளர் வண்டியைப் பாக்க வர்றாராம். கம்பி இல்லன்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாரு."

"நான் கழட்டினேன்னு சொல்லிட்டுப் போறேன்."

"எத்தனாம் நம்பர் ஸ்பேனர்?"

அவன் யோசித்தான். வண்டியை ஓட்டுவானே தவிர பானெட்டைத் திறந்து பார்த்த ஆளில்லை. "பதினாலா?"

"பதிமூணு."

"சரி, பதிமூணு. மனப்பாடம் பண்ணிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இங்க பாரு. ஓட்டினது நான். எனக்கு வர்றது எப்படியும் வரும். நீயும் கூட வந்து நின்னா எனக்குப் பாதியா குறையப் போகுது? வீட்டுல ஒருத்தர் கையிலாவது லைசென்ஸ் இருக்கட்டும். மாஸ்டர் கண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு, சொல்லு."

"நீ அன்னைக்கு வர மாட்டேன்னு சொன்னே. 'விட்டுரலாம்க்கா, போதும்'னு சொன்னே. நான்தான் உன் ரோஷத்தைக் கிளறிவிட்டேன்."

"கிளம்பினது நான்தானே? நீ என்ன, என்னைத் தூக்கியா சீட்டுல வெச்சே?" கண்ணை மூடிக்கொண்டான். "போ. லேட்டாவுது."

அவள் வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் சமையல்காரரின் மனைவி, மடியில் ஒரு பையோடு. பெரியவள் ஒன்பது நாளாக இந்த அம்மாவின் கண்ணில் படாமல் மாடிப்படி வழியாகவே போய்வந்தாள். இன்று ஏதோ நினைப்பில் நேராக வந்து நின்றுவிட்டாள்.

"நீதானே அவன் அக்கா? உட்காரு."

உட்கார்ந்தாள்.

"உள்ளே கொண்டு போயிருக்காங்க. மூணாவது ஆபரேஷன். இதுலயும் சரிவரலன்னா காலை எடுக்கணுமாம். அவர் பன்னெண்டு மணி நேரம் அடுப்பு முன்னாடி நின்னு வேலை செய்ற ஆளு. உட்கார்ந்து சமைக்கவா முடியும்?" புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க அம்மா தினம் டீ கொண்டு வந்து வெப்பாங்க. மொதல் நாலு நாள் நான் அதை எடுத்துட்டுப் போய் அப்படியே கொட்டினேன். அப்புறம் யோசிச்சேன், பெத்தவ என்ன பண்ணுவா? இப்ப குடிக்கிறேன். ஆனா உன் தம்பியை மன்னிக்க மாட்டேன், அதையும் உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அவனை மட்டும்..." என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள்.

"நீ எதுக்கு அழறே? நீயும் பாவம்தான். வேண்டாம் வேண்டாம்னு தொண்டை கிழியக் கத்தினியாமே. பக்கத்துல உட்கார்ந்தவ கத்துறதைத் தவிர என்ன பண்ண முடியும்? உன் காலடியில பிரேக்கா இருக்கு?"

அந்த அம்மாவுக்கு டிரைவிங் ஸ்கூல் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆறுதலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்தே கொடுத்தாள்.

பெரியவள் ஒரு வாய் குடித்தாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். எழுந்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படிகளில் இறங்கினாள்.

மூன்றேகாலுக்கு மாஸ்டர் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே காரை நிறுத்திக் காத்திருந்தார். உள்ளே காலடி வைக்கவில்லை. மிச்சமிருந்த அந்த ஸ்கூல் வண்டி. அவள் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவோரமாக ஒடுங்கிக்கொண்டாள். கால் இரண்டையும் ஒரு பக்கமாக மடக்கி, அந்தப் பெடலில் பட்டுவிடாமல் வைத்திருந்தாள்.

"கால் வலிக்குதா?"

"இல்லப்பா."

ஒரு சிக்னல் தாண்டியது. இரண்டாவது சிக்னலில் சிவப்பு. அறுபது வினாடி ஓடத் தொடங்கியது.

"அப்பா, அந்த வண்டியில கம்பி இல்ல. நான் கழட்டிட்டேன்."

மாஸ்டர் திரும்பவில்லை. பச்சை விழுந்தது. இண்டிகேட்டர் போட்டார், கண்ணாடி பார்த்தார், இடது ஓரமாக ஒரு டயர்க் கடை முன்னால் நிறுத்தினார். நியூட்ரல். ஹேண்ட் பிரேக். சாவி. முதல் நாள் பாடம் எடுப்பதுபோல எல்லாம் வரிசையாக நடந்தது. பிறகுதான் பேசினார்.

"எப்போ?"

"அந்த சனிக்கிழமை சாயங்காலம். நீங்க டீ குடிக்கப் போனப்போ."

"அவன் சொன்னானா?"

"அவனுக்கு அது எங்க இருக்குன்னே தெரியாதுப்பா. முந்தின வாரம் நான் மிதிச்சுத்தான் தோத்தோம். எல் போர்டுன்னு கேலி பண்ணாங்க. எனக்குத்தான் தாங்கல. வேண்டாம்னு சொன்னது அவன். வாடான்னு இழுத்துட்டுப் போனது நான். மிதி மிதின்னு கத்தினதும் நான்தான்."

டயர்க் கடைக்காரர் வெளியே வந்து, மாஸ்டரை அடையாளம் கண்டு, கும்பிட்டு, முகத்தைப் பார்த்ததும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

"கம்பி எங்க?"

"அந்த வண்டி டிக்கியிலதான். ஸ்டெப்னிக்கு அடியில."

"ம்" என்றார். சாவியைத் திருகினார். அதற்குப் பிறகு ஸ்டேஷன் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு மூச்சு வந்திருக்கும். முப்பது வருஷமாகத் திட்டியே பிழைத்த மனுஷர், திட்ட வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்.

ஸ்டேஷனில் பெண் அதிகாரி மாஸ்டரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் மத்தியானமே கொண்டுவந்து கொடுத்திருந்ததைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். மேலே 'சாட்சி' என்று போட்டு, கீழே கையெழுத்துக்குக் கோடு.

அதிகாரி ஒருமுறை படித்தார். பேனாவை நீட்டப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம். இது ஸ்கூல் வண்டிதானே? உங்க பக்கமும் ஒரு பிரேக் இருந்திருக்குமே. பலமுறை வேண்டாம்னு சொன்னவங்க, ஒரு முறை அதை மிதிச்சிருக்கலாமே?"

பெரியவள் வாயைத் திறந்தாள்.

"அது வேலை செய்யல மேடம்" என்றார் மாஸ்டர்.

"என்னது?"

"அந்தப் பக்கத்து பிரேக். ரெண்டு மாசமாவே வேலை செய்யல. சரிபண்ணணும் பண்ணணும்னு நான்தான் தள்ளிப்போட்டேன். பொண்ணுக்குத் தெரியாது. பையனுக்கும் தெரியாது."

"அந்த வண்டியில புதுசா கத்துக்கறவங்களை ஏத்தினீங்களா?"

"ஏத்தினேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அதிகாரி அவரையே பார்த்தார். "மாஸ்டர், என் தங்கச்சி உங்ககிட்டதான் கத்துக்கிட்டா. இதை எழுதினா உங்க ஸ்கூலை நாளைக்கே மூடிடுவாங்க. கேஸும் உங்க மேல திரும்பும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பத்து தடவை அந்தப் பெடலை மிதித்துப் பார்க்கிற மனுஷர். புண்ணில் கை வைப்பதுபோல அதன் மேல் அத்தனை கவனம். அவர் இப்போது, நான் பார்க்காமல் விட்டேன் என்று முகம் மாறாமல் சொல்கிறார். தம்பி ஒரு பொய்யை எடுத்துக்கொண்டான், அப்பா இன்னொன்றை எடுத்துக்கொண்டார், எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவளை மட்டும் நோகாமல் தூக்கி அப்பால் வைக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அவர் பொய் சொல்றார் மேடம்" என்றாள்.

"நீ சும்மா இரு."

"பிரேக் நல்லா இருந்தது. நான்தான் இணைப்புக் கம்பியைக் கழட்டினேன். வண்டி ஜெயிக்கணும்னு கழட்டினேன். வேண்டாம்னு ஒரு தடவைகூட நான் சொல்லல. வேகமா போன்னு சொன்னேன். கம்பி டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில இருக்கு, ஆளை அனுப்பிப் பாருங்க."

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். "ஓட்டினவர் மேலதான் கேஸ்னு நினைச்சுக்கிட்டுப் பேசறியா? தூண்டிவிட்டவங்க மேலயும் வரும். பிரேக்கைக் கழட்டினது தனி. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான்."

"மாஸ்டர், இப்ப நான் எதை எழுதறது? நீங்க சொன்னதையா, உங்க பொண்ணு சொன்னதையா?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பெரியவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவர் மறுபடியும் பொய் சொல்லிவிடுவார் என்று பயந்தாள்.

"என் வண்டியில பிரேக் நல்லாத்தான் இருந்தது" என்றார் கடைசியில். "அந்த சனிக்கிழமை காலையில்கூட மிதிச்சுப் பாத்தேன். பொண்ணு சொன்னதை எழுதுங்க."

சொல்லிவிட்டு ஆடிப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு, சம்பந்தமே இல்லாததுபோல அதிகாரியிடம் கேட்டார். "ஆஸ்பத்திரியில பையனைப் பாக்க எத்தனை மணி வரைக்கும் விடுவாங்க?"

"ஆறு வரைக்கும்."

அதிகாரி தட்டச்சுத் தாளில் 'சாட்சி' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். அந்த நேரம் பார்த்து பெரியவளின் போன் அடித்தது. அம்மா. எடுத்துக்கொள் என்று அதிகாரி கையைக் காட்டினார்.

"ஆச்சா? கையெழுத்துப் போட்டாச்சா?" அம்மாவின் குரலில் ஒன்பது நாளில் முதல்முறையாக உயிர் இருந்தது. "இங்க ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு. காலை எடுக்க வேண்டாம்னுட்டாங்க. இரு, இரு, அந்த அம்மா உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு நிக்கறாங்க. பேசு."

போன் கை மாறியது. பின்னால் யாரோ அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம்.

"பொண்ணா? கால் தப்பிச்சுதும்மா. கொஞ்சம் நாளாகும், ஆனா நிப்பாராம். நீ வந்து பாத்துட்டுப் போன நேரம் நல்லா இருந்திருக்கு. அழுதுட்டே போனியே, ஏதாவது சாப்பிட்டியா?"

பெரியவள் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி எழுதக் காத்திருந்தார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம், இப்போது வேண்டாம் என்று அவர் தலை அசைந்தது.

"அம்மா, நீங்க உட்காருங்க" என்றாள். "எங்க அம்மாவையும் பக்கத்துல உட்காரச் சொல்லுங்க. வேற யாரும் சொல்லி உங்களுக்குத் தெரியக்கூடாது. நானே சொல்லணும்."

"உட்கார்ந்துட்டோம். சொல்லும்மா" என்றது அந்தக் குரல், இன்னும் சிரிப்பு மாறாமல்.